ஸ்டேபிளா, ஆர்சியா? லைப்ரரி பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நடப்பவை

100-உம் 200-உம் சேர்ந்தால் 44. எண்கணக்குகளுக்கான பைத்தானின் நம்பை லைப்ரரியில் 2.0 பதிப்பு முதல் இது விதிப்படி சரியான விடை. யுஇன்ட்8 (குறியில்லாத எட்டு பிட் முழு எண்) வகையில் இருக்கும் ஒற்றை 100-உடன் பைத்தானின் சாதாரண 200-ஐக் கூட்டினால், 1.x பதிப்புகளில் விடை தானாகப் பெரிய முழு எண் வகைக்கு ஏறி 300 என்று வரும். 2.0-இல், நெப் 50 என்ற வடிவமைப்பு முடிவின்படி, அந்தச் சாதாரண 200 எதிரில் இருக்கும் யுஇன்ட்8-க்கு அடங்கிப் போகிறது. எட்டு பிட்டில் 255-க்கு மேல் இடமில்லை. 300-இல் 256 கழிந்து 44 மிஞ்சுகிறது, கூடவே ஒரு ரன்டைம் எச்சரிக்கையும் வருகிறது. ஒரு படத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சம் கூட்டும் நிரலில், வெள்ளையாக வேண்டிய இடம் கருத்துப்போகும். அந்த எச்சரிக்கை நிரல் எழுதும் பதிவுக் கோப்பின் ஆயிரம் வரிகளுக்கு நடுவே கிடக்கும்.

நம்பை 2.0.0 வெளிவந்தது 2024 ஜூன் 16 அன்று. அந்த மாற்றம் அன்றைக்கு முளைத்ததில்லை. மார்ச்சில் பீட்டா என்ற சோதனைப் பதிப்பு வந்தது, ஏப்ரலில் முதல் ஆர்சி, அதாவது இறுதிப் பதிப்புக்கான வேட்பாளர், வந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் யார் வேண்டுமானாலும் இறக்கி ஓட்டிப் பார்க்கும்படி இணையத்தில் கிடந்தது. அப்போது டெஸ்ட் ஓட்டியவர்களுக்கு 44 டெஸ்டில் தெரிந்தது. ஓட்டாதவர்களுக்கு வாடிக்கையாளர் சொல்லித் தெரிந்தது.

ஸ்டேபிளா (இறுதியாக வெளியிட்ட பதிப்பா), ப்ரீ-ரிலீஸா (அதற்கு முன் வரும் பீட்டா, ஆர்சி போன்றவையா) என்று கேட்கும்போது இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. ப்ரீ-ரிலீஸில் நம் நிரலை ஓட்டிப் பார்ப்பதா என்பது ஒன்று, ப்ரீ-ரிலீஸை நம்பி, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் ப்ரொடக்‌ஷனை நடத்துவதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஏறக்குறைய எப்போதும் ஆமாம். இரண்டாவதற்கு ஏறக்குறைய எப்போதும் இல்லை. தேர்த் திருவிழாவுக்கு முன் வெள்ளோட்டம் விடுவார்கள். அச்சு தாங்குகிறதா, சக்கரம் எங்கே இடிக்கிறது, எந்த முனையில் திரும்பவில்லை என்று பார்ப்பதற்கு அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. திருவிழா அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் இருப்பதில்லை, வெள்ளோட்டத்தன்றே உற்சவரை ஏற்றுவதும் இல்லை.

பெயரில் இருப்பது எவ்வளவு

டெவ் அல்லது நைட்லி என்றால் நேற்றிரவு வரை மெயின் கிளையில் சேர்ந்த எல்லாம். அதில் யாரும் எதற்கும் பொறுப்பேற்கவில்லை. ஆல்ஃபா என்றால் வடிவம் இன்னும் மாறும். பீட்டா என்றால் புதிய வசதிகள் சேர்ப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது, இருப்பவற்றின் நடத்தை மாறலாம். ஆர்சி என்றால் பெரிய பிழை எதுவும் வராவிட்டால் இதுவே இறுதிப் பதிப்பு என்று எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பைத்தான் மொழி இந்த எல்லைகளைக் கறாராகக் கடைப்பிடிக்கிறது. முதல் பீட்டாவோடு புதிய வசதிகளுக்குக் கதவு அடைபடும். ஆர்சி கட்டத்தில் கட்டிய வீல் (நேரே நிறுவத் தயாராகக் கட்டிய பேக்கேஜ்) கோப்பு இறுதிப் பதிப்பிலும் ஓடும் என்பதால், லைப்ரரி எழுதுபவர்கள் அப்போதே வீல்களைக் கட்டி ஏற்றிவிடலாம். எல்லா ப்ராஜெக்டும் இப்படி இல்லை. பைத்தான் நிரலை அடுக்கித் தரும் பிளாக் கருவி 2022 ஜனவரியில் வந்த 22.1.0 வரைக்கும் பீட்டா என்ற ஒட்டுடனேயே இருந்தது. அதற்குள் எண்ணற்ற ப்ராஜெக்டுகளின் சிஐ (மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) அதை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. நிரல்களைக் கண்காணிக்க உதவும் ஓப்பன்டெலிமெட்ரியின் பைத்தான் இன்ஸ்ட்ருமென்டேஷன் பேக்கேஜ்கள் ஒவ்வொரு வெளியீட்டிலும் பி0 என்ற வாலோடு வருகின்றன. ஸ்டேபிள் வரட்டும் என்று அதற்காகக் காத்திருந்தால் கண்காணிப்பே இல்லாமல் காலம் ஓடிவிடும்.

எதிர்த் திசையிலும் ஏமாறலாம். 0.7.2 என்று ஒரு பதிப்பு, பீட்டா என்றோ ஆர்சி என்றோ எந்த வாலும் இல்லை. பார்த்தால் ஸ்டேபிள். ஆனால் பதிப்பு எண் சூட்டும் முறையான செமாண்டிக் வெர்ஷனிங் விதியே சொல்கிறது: முதல் எண் சுழியமாக இருக்கும்வரை எது வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். சுழியத்தில் தொடங்கும் ஸ்டேபிளைவிட, ஒழுங்கான ப்ராஜெக்டின் இரண்டாவது ஆர்சி பல நேரம் உறுதியானது. அதனால் வாலைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் மூன்று இடங்களைப் பார்த்துவிட வேண்டும். முந்தைய பெரிய பதிப்பின் கடைசி ஆர்சிக்கும் இறுதிப் பதிப்புக்கும் நடுவே மாற்றக் குறிப்பில் என்னென்ன இருக்கிறது? அங்கே நடத்தை மாற்றங்கள் இருந்தால் அவர்களின் ஆர்சி உண்மையில் பீட்டாதான். இரண்டாவது, இந்த வெளியீட்டின் மைல்ஸ்டோனில் தடுப்பான் என்று குறித்த இஷ்யூக்கள் எத்தனை திறந்திருக்கின்றன. மூன்றாவது, உங்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் ப்ராசஸருக்கும் கட்டிய வீல் இருக்கிறதா. இல்லாவிட்டால் பைத்தானின் நிறுவும் கருவியான பிப் சோர்ஸை இறக்கி உங்கள் இயந்திரத்தில் கம்பைல் செய்யப் போகும். அங்கே வரும் பிழை லைப்ரரியின் பிழையா, உங்கள் கம்பைலரின் பிழையா என்று தேடியே அரை நாள் போகும். பைனரி மட்டும் எடு என்ற விருப்பத்தைக் கொடுத்து இன்ஸ்டால் செய்தால், வீல் இல்லை என்பது முதல் நொடியிலேயே தெரிந்துவிடும்.

கருவிகள் காலை வாரும் இடங்கள்

பிப் தானாக ப்ரீ-ரிலீஸை எடுக்காது. எடுக்க வைக்க எல்லோரும் முதலில் பழகுவது --ப்ரீ என்ற விருப்பம். பெரும்பாலான குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த விருப்பம் நீங்கள் கேட்ட ஒரு லைப்ரரியோடு நிற்பதில்லை. அதே கட்டளையில் வரும் எல்லா டிப்பெண்டென்சிகளுக்கும் (அந்த லைப்ரரி சார்ந்திருக்கும் மற்ற லைப்ரரிகளுக்கும்), அவற்றின் டிப்பெண்டென்சிகளுக்கும் பொருந்தும். நம்பையின் ஆர்சியைப் பார்க்கப் போனால் வேறு நாலு லைப்ரரிகளின் பீட்டாக்களும் கூடவே வந்து உட்காரும். டெஸ்ட் விழுந்ததும் நம்பைமேல் பழி போடுவீர்கள். உடைத்தது வேறொன்றாக இருக்கும். அதற்குப் பதிலாகத் தேவைப் பட்டியலில் அந்த ஒரு லைப்ரரிக்கு மட்டும் சரியான ப்ரீ-ரிலீஸ் எண்ணை, 2.0.0ஆர்சி1 என்பதுபோல, இரட்டைச் சமக்குறியோடு எழுதுங்கள். எண்ணிலேயே ஆர்சி இருந்தால் பிப் அந்த லைப்ரரிக்கு மட்டும் ப்ரீ-ரிலீஸை அனுமதிக்கும். --ப்ரீ தேவையே இல்லை. பிப்புக்கு மாற்றான யூவி இன்னும் கறார். வேறொரு பேக்கேஜ் உள்ளுக்குள் ப்ரீ-ரிலீஸ் கேட்டாலும், அதை நீங்களே நேரடியாக எழுதாதவரை வழக்கமான அமைப்பில் ஏற்காது.

ஒரு லைப்ரரியில் ப்ரீ-ரிலீஸைத் தவிர வேறெதுவுமே வெளிவராவிட்டால் பிப் அதைக் கேட்காமலேயே எடுத்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ‘நான் ப்ரீ-ரிலீஸ் எதுவும் பயன்படுத்தவில்லை’ என்று சொல்லும் ப்ராஜெக்டில், நிறுவியவற்றைப் பட்டியலிடும் பிப் ஃப்ரீஸ் போட்டுப் பார்த்தால் ஒன்றிரண்டு பி0 எட்டிப் பார்ப்பது இதனால்தான்.

ஜாவாஸ்கிரிப்ட்டின் என்பிஎம் பக்கத்தில் வேறு கதை. அங்கே லேட்டஸ்ட், நெக்ஸ்ட் போன்ற குறிச்சொற்கள் எண்ணிலிருந்து தனியாக இருக்கின்றன. என்பிஎம் 10 வரை, வெளியிடுபவர் குறிச்சொல் கொடுக்க மறந்தால் பீட்டாவும் லேட்டஸ்ட் ஆகிவிடும். அன்றைக்கு வெறுமனே இன்ஸ்டால் போட்டவர்களுக்கெல்லாம் பீட்டா போய்ச் சேரும். 11 முதல் குறிச்சொல் இல்லாமல் ப்ரீ-ரிலீஸை வெளியிட முடியாது. பயன்படுத்துபவர் பக்கத்து வலை கேரட் (^) குறி. நெக்ஸ்ட் குறிச்சொல்லில் இன்ஸ்டால் செய்தால் பேக்கேஜ் கோப்பில் கேரட்டோடு எழுதப்படும். ^1.2.3-பீட்டா.2 என்று இருந்தால் 1.2.3-பீட்டா.4 வரும், 1.2.3 வரும், 1.9.0-உம் வரும். ஆனால் 1.2.4-பீட்டா.1 வராது, ஏனென்றால் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால்தான் ப்ரீ-ரிலீஸ் அனுமதி. பீட்டா வரிசையைத் தொடர்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது வேறெங்கோ நின்றுகொண்டிருப்போம். ப்ரீ-ரிலீஸ் எடுக்கும்போது சரியான எண்ணை மட்டும் சேமிக்கும் விருப்பத்தைக் கொடுங்கள், சிஐயில் இன்ஸ்டாலுக்குப் பதில் என்பிஎம் சிஐ கட்டளையைப் போடுங்கள்.

பியர் டிப்பெண்டென்சியும் (ஒரு ப்ளகின் தன்னோடு இருக்க வேண்டும் என்று கேட்கும் லைப்ரரி) இங்கே இடறும். ஒரு ப்ளகின் ^18.0.0 அல்லது ^19.0.0 என்று கேட்டால், 19.0.0-ஆர்சி அதற்குள் அடங்காது. வரிசையில் ஆர்சி 19.0.0-க்கு முன்னால் நிற்கிறது. என்பிஎம் 7 முதல் இது இன்ஸ்டாலையே நிறுத்தும் பிழை. ஃபோர்ஸ் போட்டுத் தாண்டுவதைவிட, ஓவர்ரைட்ஸ் பகுதியில் அந்த ஒரு ப்ளகினுக்கு மட்டும் எண்ணை எழுதுவது மேல். எதை மீறினோம் என்பது கோப்பிலேயே பதிந்திருக்கும்.

ஜாவாவின் மேவன் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். 1.0-இலிருந்து 2.0-க்கு முன்புவரை என்று வரம்பு எழுதினால் 2.0-ஆல்ஃபாவும் 2.0-ஸ்னாப்ஷாட்டும் அதற்குள் வந்துவிடும், வரிசைப்படி அவை 2.0-ஐவிடச் சிறியவை. பைத்தானின் பெப் 440 விதி இந்த ஓட்டையை அடைத்துவிட்டது. அங்கே 2.0-க்குக் கீழே என்றால் 2.0-இன் ஆர்சி வராது. இரண்டாவது ஸ்னாப்ஷாட். ஒரே பெயரில் உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும். மேவன் வழக்கமாக நாளுக்கு ஒருமுறைதான் புதியது இருக்கிறதா என்று பார்க்கும், அதே வேலைக்கான கிரேடில் 24 மணி நேரம் பிடித்து வைத்திருக்கும். ஆகவே ஒரே கோடு, ஒரே எண், பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேறு வேறு நடத்தை. ஸ்னாப்ஷாட் தேவைப்பட்டால் அதன் நேரமுத்திரை கொண்ட முழுப் பெயரை எழுதுங்கள்.

வெளியிடுபவர்களுக்கு ஒன்று: செமாண்டிக் வெர்ஷனிங்கில் ஆர்சி9, ஆர்சி10 என்று ஒட்டி எழுதினால் எழுத்து வரிசைப்படி 10 முன்னால் போய்விடும். ஆர்சி.9, ஆர்சி.10 என்று புள்ளி வைத்தால்தான் எண்ணாக ஒப்பிடப்படும். பைத்தானில் இந்தப் பிரச்சினை இல்லை.

கம்பைல் ஆன கோடு கலக்கும்போது

ஆங்கிலத்தில் இரண்டு சுருக்கங்கள் உண்டு, தமிழில் எழுதினால் இரண்டும் ஏபிஐ என்றே ஆகும். அதனால் ஒன்றை நிரல் இடைமுகம் என்றும் மற்றதைப் பைனரி இடைமுகம் என்றும் இங்கே பிரித்துச் சொல்கிறேன். நிரல் இடைமுகம் மாறினால் உங்கள் கோடு உடையும், நீங்களே திருத்தலாம். பைனரி இடைமுகம் மாறினால் அடுத்தவர் கட்டிய வீல் உடையும், உங்கள் கையில் ஒன்றுமில்லை.

நம்பை 2.0-இல் இரண்டும் மாறின. இன்ஃப், நேன் ஆகியவற்றின் பெரிய எழுத்தில் தொடங்கும் மாற்றுப் பெயர்கள் போயின. ஃப்ளோட்_ போனது. இவற்றை ரஃப் கருவியின் என்பிஒய்201 விதி பெரும்பாலும் தானே திருத்திவிடும். கடினமானது இரண்டாவது. 1.x-ஐ வைத்துக் கட்டிய, சி மொழியில் எழுதிக் கம்பைல் செய்த எக்ஸ்டென்ஷன்கள் 2.0-இல் ஓடாது. 2.0-ஐ வைத்துக் கட்டியவை 1.x-இலும் ஓடும். இந்த ஒருவழிப் பாதைதான் ஆர்சியின் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது. ஆர்சி1-இலேயே பைனரி இடைமுகம் உறுதி என்று நம்பை குழு அறிவித்ததால், மற்ற லைப்ரரிகள் அதை வைத்து வீல் கட்டி, இறுதிப் பதிப்புக்கு முன்பே ஸ்டேபிளாக வெளியிட முடிந்தது. நம்பையைச் சார்ந்த சைபை 1.13.0-உம் பாண்டாஸ் 2.2.2-உம் 2024 ஏப்ரலிலேயே 2.0-க்குத் தயாராக வந்தன.

அப்படியும் ஜூன் 16-க்குப் பிறகு பல இடங்களில் டிடைப் (எண் வகை) அளவு மாறிவிட்டது, பைனரி பொருந்தவில்லை என்ற பிழைச் செய்தி வந்தது. காரணம் எளிது. பாண்டாஸைப் பழைய எண்ணில் கட்டிப்போட்டு, நம்பையைக் கட்டாமல் விட்டிருந்தார்கள். தேவைப் பட்டியலில் நம்பை என்று எழுதியிருக்கவே இல்லை, பாண்டாஸ் வழியாக வந்துகொண்டிருந்தது. அன்று காலை டாக்கர் இமேஜை மறுபடி கட்டியதும் நம்பை மட்டும் 2.0.0-க்குப் போனது. நேற்று ஓடியது இன்று இம்போர்ட்டிலேயே விழுந்தது. இவர்கள் யாரும் ப்ரீ-ரிலீஸைத் தொட்டவர்கள் இல்லை, ஸ்டேபிளை மட்டும் நம்பியவர்கள். ஸ்டேபிள் என்ற சொல் உங்கள் டிப்பெண்டென்சி மரத்துக்கு எந்த வாக்குறுதியும் தருவதில்லை. லாக் கோப்பு மட்டும்தான் தருகிறது. மரத்தின் கடைசி இலைவரை எண்ணும் ஹாஷும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறி) எழுதிய கோப்பு இல்லாவிட்டால், ஸ்டேபிளா ஆர்சியா என்ற விவாதத்துக்கே பொருளில்லை.

லைப்ரரி எழுதுபவர் என்றால் இங்கே ஒரு நுணுக்கம். பில்டுக்கான தேவைப் பட்டியலில் ஆர்சியைக் குறிப்பிடலாம், அது பில்டுக்கென உருவாகும் தனிச் சூழலோடு முடிந்துவிடும். ஓடும்போது தேவைப்படும் பட்டியலில் ஆர்சியைக் குறிப்பிட்டு, உங்கள் பதிப்பை ஸ்டேபிள் என்று வெளியிடக் கூடாது. உங்களை நம்பியவருக்கு அவர் கேட்காத ஆர்சி போய்ச் சேரும். டாட்நெட்டின் நுகெட் இப்படிச் செய்தால் எச்சரிக்கவே செய்கிறது.

வெள்ளோட்டத்துக்கு ஒரு தனித் தடம்

சிஐயில் வழக்கமான வேலைக்குப் பக்கத்தில் இன்னொரு வேலை வைக்க வேண்டும். லாக் கோப்பிலிருந்து இன்ஸ்டால் செய்துவிட்டு, பார்க்க வேண்டிய ஒரே ஒரு லைப்ரரியை மட்டும் ப்ரீ-ரிலீஸ் எண்ணுக்கு ஏற்றுங்கள். இரண்டு லைப்ரரிகளைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு வேலைகள். ஒன்றாக ஏற்றினால் எது உடைத்தது என்பது தெரியாது. பிறகு பிப் செக் ஓட்டுங்கள், பிப் ஃப்ரீஸின் முழு வெளியீட்டையும் அந்த ஓட்டத்தின் பதிவில் சேருங்கள். மூன்று வாரம் கழித்து ‘போன மாதம் ஓடியதே’ என்று தேடும்போது கையில் இருக்கப்போவது அந்தப் பட்டியல் ஒன்றுதான்.

டெஸ்டை ஓட்டும்போது எச்சரிக்கைகளைப் பிழையாக்குங்கள். பைடெஸ்டில் டபிள்யூ விருப்பத்தோடு எரர் என்று கொடுத்தால் போதும். டெப்ரிகேஷன் (இனி நீக்கப்படும் என்ற) எச்சரிக்கையை மட்டும் பிழையாக்குவதோடு நிறுத்தினால் மேலே சொன்ன 44 தப்பித்துவிடும், ஏனென்றால் அது ரன்டைம் எச்சரிக்கை. அடுத்தவர் லைப்ரரிகளிலிருந்து வரும் எச்சரிக்கைகள் நிறைய இருந்தால், எல்லாவற்றையும் அணைக்காமல் அந்தந்த மாட்யூலுக்கு மட்டும் விலக்கு எழுதுங்கள்.

டெஸ்டுகளே சில மாற்றங்களைப் பார்க்காமல் விட்டுவிடும். ஃப்ளோட்32 வகை 3-உடன் பைத்தானின் சாதாரண 3.0-ஐக் கூட்டினால் முன்பு ஃப்ளோட்64 வந்தது, 2.0-இல் ஃப்ளோட்32 வருகிறது. மதிப்பு இரண்டிலும் 6. தோராயமாகச் சமமா என்று பார்க்கும் டெஸ்ட் இரண்டையும் ஏற்கும். ஆனால் பதினைந்து பதினாறு இலக்கத் துல்லியம் ஏழு இலக்கமாகக் குறைந்துவிட்டது, நீண்ட கூட்டல்களில் அது வெளியே வரும். எண்கணித லைப்ரரி என்றால் மதிப்போடு டிடைப்பையும் சரிபார்க்கும் வரி ஒன்று ஒவ்வொரு முக்கிய ஃபங்ஷனுக்கும் வேண்டும். எண்ணை எழுத்தாக்கிக் காட்டும் இடங்களையும் பாருங்கள். 2.0-இல் ஒற்றை எண்ணின் ரெப்ர் வடிவம் 3.0 என்று வராமல் என்பி.ஃப்ளோட்64(3.0) என்று வருகிறது. டாக்டெஸ்டுகளும், ரெப்ரை அப்படியே கோப்பில் எழுதும் நிரல்களும் இதில் விழுந்தன.

இந்த வேலை விழுந்தால் மற்ற வேலைகள் நிற்கக் கூடாது என்பதால் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் கன்டினியூ-ஆன்-எரர் போடுவார்கள். போட்டதும் அது எத்தனை முறை விழுந்தாலும் மொத்த ஓட்டம் பச்சையாகத் தெரியும், ஒரு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆகவே கடைசிப் படியாக, விழுந்தால் ஒரு இஷ்யூ திறக்கும் வரியைச் சேருங்கள். அந்த இஷ்யூவுக்கு ஒருவர் பெயர் பொறுப்பாக இருக்கட்டும்.

கோட் மாறும்போது மட்டும் ஓடினால் போதாது, அவர்கள் பக்கம் மாறும்போதும் தெரிய வேண்டும். வாரம் ஒருமுறை கால அட்டவணையில் ஓட்டுங்கள். கிட்ஹப்பின் க்ரான் நேரம் யுடிசி என்பதால் 30 1 * * 1 என்று எழுதினால் நமக்குத் திங்கள் காலை 7 மணி. வாரத் தொடக்கத்தில் வந்து உட்காரும்போது விடை தயாராக இருக்கும். பொது ரெப்போவில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால் கால அட்டவணை தானாக நின்றுவிடும். அமைதியான ப்ராஜெக்டுகளில் இதைக் கவனிக்க வேண்டும்.

அறிவியல் பைத்தான் லைப்ரரிகளுக்கு நைட்லி வீல்கள் அனகோண்டாவில் ஒரு பொதுச் சேனலில் கிடைக்கின்றன. பழையவை அழிந்துகொண்டே இருக்கும், எண்ணைக் கட்டிப்போட முடியாது. எனவே நைட்லி சிஐக்கு மட்டுமே, வேறெங்கும் வேண்டாம். ரஸ்ட் மொழியில் நிலைமை மேல். நைட்லியைத் தேதியோடு டூல்செயின் கோப்பில் எழுதலாம், எல்லோருக்கும் அதே தேதியின் கம்பைலர் வரும். தேதி இல்லாமல் வெறும் நைட்லி என்று எழுதிய ரஸ்ட் ப்ராஜெக்ட் எந்தக் காலையிலும் உடையலாம்.

ப்ரொடக்‌ஷனில் ஏற்றியே தீர வேண்டும் என்றால்

அப்படிப்பட்ட நிலைமைகள் உண்டு. உங்களை நிறுத்தி வைத்திருக்கும் பிழைக்குத் திருத்தம் ப்ரீ-ரிலீஸில் மட்டும் இருக்கிறது, பழைய கிளைக்கு எடுத்து வர மாட்டார்கள், சுற்றுவழியும் இல்லை. அல்லது புதிய ப்ராசஸருக்கோ புதிய பைத்தான் பதிப்புக்கோ ஸ்டேபிள் வீல் இன்னும் வரவில்லை. அல்லது உங்கள் வெளியீடே அவர்களின் இறுதிப் பதிப்புக்குப் பிறகுதான், இப்போதே புதியதில் கட்டினால் இரட்டை வேலை மிச்சம். மூன்றாவதுதான் மிகவும் நியாயமானது, ஆனால் அவர்கள் தேதி தள்ளும், அதைக் கணக்கில் சேருங்கள். முதலாவதில், திருத்தம் சிறியது என்றால் ஸ்டேபிள் கோடில் அந்த ஒரு கமிட்டை மட்டும் எடுத்து ஒட்டி, உங்கள் சொந்தப் பேக்கேஜாகக் கட்டுவது ஆர்சியைவிட ஆபத்துக் குறைவு. பத்து வரி மாற்றத்துக்காக மொத்த லைப்ரரியையும் மாற்ற வேண்டாம்.

எடுத்தால் சரியான எண்ணில் கட்டுங்கள், ஹாஷ் சரிபார்ப்பை இயக்குங்கள், அந்த வீல் கோப்பை உங்கள் சொந்தச் சேமிப்பகத்தில் ஒரு நகல் வையுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களை யார் பார்ப்பது என்பதையும் தீர்மானித்துவிட வேண்டும். ஆர்சி வெட்டிய பிறகு பழைய ஸ்டேபிள் கிளையில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தால், உங்கள் ஆர்சியில் அது இருக்காது. ஆர்சிக்கென்று தனித் திருத்தமும் வராது, அடுத்த ஆர்சியில்தான் வரும். வாரம் ஒருமுறை பழைய கிளையின் மாற்றக் குறிப்பைப் படிப்பதும் ஒரு வேலை.

திரும்பி வருவது பற்றிப் பேசும்போது எல்லோரும் நிரலை மட்டும் நினைக்கிறார்கள். கோட் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடும், டேட்டா திரும்பாது. நம்பை 2-இல் பிக்கிள் செய்து (பைத்தான் பொருளை அப்படியே கோப்பாக்கி) எழுதிய கோப்பைப் பழைய 1.x சூழலில் திறந்தால், நம்பைக்குள் _கோர் என்ற மாட்யூல் இல்லை என்று விழும். 2.0-இல் உள் மாட்யூலின் பெயர் அப்படி மாறியது. 1.26-இல் இதற்கென ஒரு ஒட்டு வைத்தார்கள், அதற்கு முந்தையவற்றில் இல்லை. பயிற்சி கொடுத்த மாடலைப் பிக்கிளாகவோ ஜாப்லிப்பாகவோ சேமிக்கும் குழுக்களுக்கு இது பெரிய அடி. பயிற்சி இயந்திரம் புதியதில், பரிமாறும் இயந்திரம் பழையதில் என்று பல இடங்களில் இருக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பீட்டாக்களிலும் இதே கதை. ஒரு பீட்டாவிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது உள்ளமைப்பு மாறினால் டேட்டாவை டம்ப் எடுத்து மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.

ஆகவே ஏற்றுவதற்கு முன் ஒத்திகை ஒன்று: ப்ரீ-ரிலீஸில் ஒரு நாள் டேட்டாவை எழுதவிடுங்கள், பிறகு ஸ்டேபிளுக்கு இறங்கி அதே டேட்டாவைப் படியுங்கள். படிக்க முடியாவிட்டால் அது ஒருவழிக் கதவு. அந்த மாற்றத்தைச் செய்யும் முடிவை நிரலாளர் ஒருவரே எடுக்கக் கூடாது, டேட்டாவுக்குப் பொறுப்பானவரும் கூட இருக்க வேண்டும். கேஷ், க்யூவில் நிற்கும் செய்திகள், பயனர் கணினியில் கிடக்கும் கோப்புகள் மூன்றையும் ஒத்திகையில் சேருங்கள். க்யூவை மறப்பதுதான் வழக்கம். புதிய பதிப்பு எழுதிய செய்தியைப் பழைய வொர்க்கர் எடுத்து, விழுந்து, திரும்பவும் எடுத்து, விடிய விடிய அதே செய்தியோடு மல்லுக்கட்டும்.

குறை சொல்வதற்கு ஒரு காலம்

ஸ்டேபிள் வந்தபிறகு ஒரு நடத்தையைப் பற்றிக் குறை சொன்னால், ‘மாற்றினால் மற்றவர்களுக்கு உடையும், அடுத்த பெரிய பதிப்பில் பார்க்கலாம்’ என்று பதில் வரும். நியாயமான பதில்தான். ஆர்சியில் சொன்னால் வெளியீட்டையே நிறுத்தி வைப்பார்கள். வலைப்பக்கங்கள் கட்டும் லைப்ரரியான ரியாக்ட் 19-இல் அதுதான் நடந்தது. 2024 ஏப்ரலில் பீட்டா வந்தது. டேட்டா வரும்வரை ஒரு மாற்றைக் காட்டும் சஸ்பென்ஸின் நடத்தை ஆர்சியில் மாறியிருந்தது. ஒரே சஸ்பென்ஸ் எல்லைக்குள் இரண்டு கம்போனென்ட்கள் தனித்தனியாக டேட்டா எடுத்தால், 18-இல் இரண்டு கோரிக்கையும் சேர்ந்தே கிளம்பும். ஆர்சியில் முதல் கம்போனென்ட் காத்திருக்கத் தொடங்கியதும் ரெண்டர் நின்றது, முதலாவது முடிந்தபிறகே இரண்டாவது கிளம்பியது. ஆளுக்கு ஒரு நொடி என்றால் ஒரு நொடியில் வந்த பக்கம் இரண்டு நொடி ஆகும். ஆர்சியை ஓட்டிப் பார்த்தவர்கள் இதைக் கண்டு சொன்னார்கள். குழு வெளியீட்டை நிறுத்தியது. மாற்று உடனே தெரியட்டும், ஆனால் பக்கத்துக் கம்போனென்ட்களின் கோரிக்கைகளையும் முன்கூட்டியே கிளப்பிவிடலாம் என்று வடிவத்தை மாற்றி, டிசம்பர் 5 அன்றுதான் 19 ஸ்டேபிள் ஆனது. யாரும் ஓட்டிப் பார்த்திருக்காவிட்டால் கோடைக்காலத்திலேயே அந்த நடத்தை ஸ்டேபிளாகி எல்லோர் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கும்.

அதனால்தான் திங்கள் காலை அந்த சிஐ வேலை சிவப்பானால் அதே வாரம் எழுதிவிட வேண்டும். எழுதும் முறையும் முக்கியம். உங்கள் ப்ராஜெக்டின் சுட்டியைக் கொடுத்து ‘ஓடவில்லை’ என்றால் யாரும் திறக்க மாட்டார்கள். இருபது வரிக்குள், வேறெந்த லைப்ரரியும் இல்லாமல், பிரச்சினையைக் காட்டும் நிரல் ஒன்று. ஸ்டேபிளில் அது தரும் விடை, ஆர்சியில் தரும் விடை, இரண்டும் எழுத்தாக. இரண்டின் முழு எண்கள், பைத்தான் பதிப்பு, ஆபரேட்டிங் சிஸ்டம், ப்ராசஸர். பல ப்ரீ-ரிலீஸ்கள் வந்திருந்தால் எதுவரை சரியாக இருந்தது, எதிலிருந்து உடைந்தது. பீட்டா1-இல் ஓடி ஆர்சி1-இல் விழுகிறது என்று சொன்னால் தேட வேண்டிய கமிட்டுகள் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். வேண்டுமென்றே செய்த மாற்றமா, தவறுதலா என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். மாற்றக் குறிப்பில் தேடினேன், கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதுங்கள். குறிப்பில் விட்டுப்போன மாற்றம் என்றாலும் அது அவர்களுக்குப் பயனுள்ள பிழைதான், இறுதிப் பதிப்பின் குறிப்பில் அந்த ஒரு வரி சேரும்.